வயலோரத்துக் கூடுகள்: திருவண்ணாமலை வட்டாரத்து விளைநிலப் பறவைகளின் வாழிடத் தேர்வு

பயிரிடும் நிலத்தையும் அதனை ஒட்டிய வரப்பு, கரம்பு, கிணற்றுமேடு, ஏரிக்கரை ஆகியவற்றையும் நம்பி இரைதேடி, அங்கேயே கூடமைத்துக் குஞ்சு பொரிக்கும் பறவைகளே விளைநிலப் பறவைகள் எனப்படுகின்றன. இவை எத்தகைய இடத்தைத் தேர்ந்தெடுக்கின்றன, அத்தேர்வுக்குக் காரணம் என்ன, வேளாண்மை மாறும்போது அத்தேர்வு எவ்வாறு பாதிக்கப்படுகிறது என்னும் மூன்று கேள்விகளையும் திருவண்ணாமலை நகரையும் அதனைச் சுற்றியுள்ள சமவெளியையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வட்டாரத்துப் பறவைகளின் இனப்பெருக்கத்தைத் தீர்மானிப்பது பயிரைக் காட்டிலும், பயிரேறாத சிறுசிறு துண்டு நிலங்களும் உழவு வேலைகளுக்கு இடையே கிடைக்கும் கால இடைவெளியுமே என்பது இவ்வாய்வின் முடிபு.

நிலத்தின் அமைப்பு

பழைய வடஆர்க்காடு மாவட்டத்திலிருந்து 1989ஆம் ஆண்டு பிரிக்கப்பட்ட திருவண்ணாமலை மாவட்டம், மேற்கே சவ்வாது மலைக்கும் கிழக்கே செஞ்சிப் பாறைக்குன்றுகளுக்கும் இடையே விரிந்து கிடப்பது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இங்குப் பெய்தாலும், ஆண்டில் பல மாதங்கள் நிலம் காய்ந்தே இருக்கும். இந்த வறட்சியைத் தாங்குவதற்காகவே ஏரிகளும் அகன்ற திறந்தவெளிக் கிணறுகளும் பல நூற்றாண்டுகளாக வெட்டப்பட்டு வந்துள்ளன. ஏரிப் பாசனத்தில் விளையும் கழனியில் நெல்லும் கரும்பும், மானாவாரிக் கொல்லையில் மணிலா எனப்படும் நிலக்கடலையும் துவரை, காராமணி முதலிய ஊடுபயிர்களும், மலைப்பகுதியில் சாமையும் பயிராகின்றன. சித்திரையில் தொடங்கும் சொர்ணவாரி, ஆவணியில் தொடங்கித் தைவரை நீளும் சம்பா, மார்கழி, தை மாதங்களில் நடவாகும் நவரை என நெல்லுக்கே மூன்று பட்டங்கள் உள்ளன. ஆகவே ஒரே ஊரின் எல்லைக்குள் ஒரே மாதத்தில் உழுத நிலம், இளம்பயிர், கதிர் முற்றிய வயல், அறுவடையான தாள், ஆடு மேயும் கரம்பு ஆகிய அனைத்தையும் காண முடியும். பறவைகளின் பார்வையில் இவ்வட்டாரத்தின் முதன்மையான செல்வம் இந்தக் கலப்புத்தான்.

வாழிடத் தேர்வு என்னும் கருத்து

ஒரு பறவை ஓரிடத்தில் காணப்படுவதனாலேயே அவ்விடத்தை அது விரும்புகிறது என்று கொள்ள முடியாது. கிடைக்கக்கூடிய இடங்களுள் ஒரு வகை எந்த அளவில் இருக்கிறதோ, அந்த அளவைக் காட்டிலும் மிகுதியாக அது பயன்படுத்தப்பட்டால் மட்டுமே அதனை விருப்பம் எனலாம். நூறு ஏக்கரில் ஐந்து ஏக்கர் மட்டுமே கரம்பாக இருக்கும் ஊரில், பாதிக் கூடுகள் அந்த ஐந்து ஏக்கரில் காணப்பட்டால் அது தெளிவான விருப்பமாகும். இங்கிலாந்துப் பறவையியலாளர் டேவிட் லாக் 1933இல் இக்கேள்வியை முறையாக எழுப்பினார். பின்லாந்தைச் சேர்ந்த ஓலாவி ஹில்டேன் 1965இல் எழுதிய ஆய்வில், பறவையைத் தூண்டும் உடனடிக் குறிகளையும், அதன் வம்சம் நிலைப்பதற்கான இறுதிக் காரணங்களையும் வேறுபடுத்திக் காட்டினார். மரத்தின் உயரமும் தரையின் நிறமும் உடனடிக் குறிகள்; இரையும் பாதுகாப்பும் இறுதிக் காரணங்கள்.

இவ்விரண்டும் நெடுங்காலம் ஒத்துப்போகும் இடத்தில் தேர்வு பயனளிக்கும். மனிதச் செயலால் நிலம் விரைவாக மாறும்போது, குறி பழையபடியே இருக்க, பயன் மட்டும் மறைந்துவிடும். பார்வைக்கு ஏற்றதாகத் தோன்றிப் பறவையை ஈர்த்து, பின்னர் முட்டையையோ குஞ்சையோ அழியவிடும் இத்தகைய இடத்தைச் சூழலியலாளர்கள் சூழலியல் பொறி என்பர். ஆகையால் கூடுகளின் எண்ணிக்கையோடு அவற்றின் வெற்றியையும் அளப்பது இன்றியமையாதது. அமெரிக்கரான ஹெரால்டு மேஃபீல்டு 1961இல் வகுத்த முறை, ஒரு கூடு ஒரு நாள் பிழைத்திருக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டு, அதனை அடைகாக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒருமுறை எனத் தொடர்ந்து பெருக்கிப் பார்ப்பதாகும். நாளொன்றுக்கு நூற்றுக்கு நான்கு கூடுகள் மட்டுமே அழிந்தாலும், இருபத்தெட்டு நாள் அடைகாக்கும் பறவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான கூடுகளே மிஞ்சும். சிறிதாகத் தோன்றும் அன்றாட இழப்பு எத்துணைப் பெரிய அழிவாகிறது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

தரையில் முட்டையிடுவன

மரமற்ற திறந்தவெளியைத் தேடும் பறவைகளுள் ஆள்காட்டிகள் முதன்மையானவை. சிவப்பு மூக்கு ஆள்காட்டி ஏரி, கால்வாய் ஆகியவற்றின் அருகே உள்ள வெற்றுத்தரையை நாடுகிறது. இந்தியத் துணைக்கண்டத்துக்கே உரிய மஞ்சள் மூக்கு ஆள்காட்டியோ நீரிலிருந்து விலகிய, சரளைக்கல் நிறைந்த வறண்ட கொல்லையைத் தேர்கிறது. இரண்டும் கூடு கட்டுவதில்லை. தரையில் சிறு பள்ளம் பறித்துப் பெரும்பாலும் நான்கு முட்டைகளை இடுகின்றன. மண்ணின் நிறத்தோடு ஒன்றிப்போகும் புள்ளிகளே முட்டைகளுக்குக் காவல். சுற்றிலும் நெடுந்தொலைவு பார்வைக்கு எட்டும்போதுதான் நரியும் கீரியும் நெருங்குவதை அறிந்து எழுந்து கூவி அவற்றைத் திசைதிருப்ப முடியும் என்பதால், உயரமான செடி கொடிகள் இல்லாமையே இவற்றுக்கு வேண்டிய முதற்பண்பு. கோடை வெயிலில் முட்டை வெந்துவிடாதிருக்க வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விப்பதும் இவற்றின் வழக்கம்.

சாம்பல்தலை வானம்பாடி, மண்கட்டி அல்லது புல் தூற்றின் அடியில் சிறு குழியமைத்து அதன் விளிம்பில் பொடிக்கற்களை அடுக்குகிறது. வயல் நெட்டைக்காலி, குட்டையான புல் அடர்ந்த வரப்புச் சரிவிலும் கரம்பிலும் கிண்ணம் போன்ற கூட்டை மறைத்து வைக்கிறது. கவுதாரிக்கோ திறந்த தரையோடு, ஓடி ஒளிய முட்புதரும் வேண்டும். ஆகவே தரைப்பறவைகள் என ஒரே பெயரில் அடக்கினாலும், வெற்றுத்தரை, குட்டைப்புல், புதரோரம் என மூன்று வேறுபட்ட தேவைகள் இவற்றுள் இருக்கின்றன.

இவற்றுக்கு வாய்ப்பாக இருப்பது மானாவாரிக் கொல்லையின் காலக்கணக்கு. மணிலா அறுவடைக்குப் பின் அடுத்த ஆடி விதைப்பு வரை பல கொல்லைகள் கரம்பாகக் கிடக்கும். மஞ்சள் மூக்கு ஆள்காட்டி பங்குனி முதல் வைகாசி வரை முட்டையிடுவது இந்த இடைவெளியோடு பொருந்துகிறது. விதைப்புக்குப் பின் அந்த வாய்ப்பு இல்லை. விதைத்த இருபது, இருபத்தைந்து நாட்களில் முதற்களை கொத்துவதும், நாற்பது, நாற்பத்தைந்து நாட்களில் ஜிப்சம் இட்டு மண் அணைப்பதும் மணிலா சாகுபடியின் முறை. அடைகாப்பதற்கே ஏறத்தாழ நான்கு வாரம் வேண்டிய ஆள்காட்டி, இவற்றுக்கு இடையே தன் முட்டைகளைக் காப்பாற்றுவது அரிது. ஆழ்துளைக் கிணற்று நீரால் கோடையிலும் பயிரேறும் கொல்லையில், தரைப்பறவைக்குரிய இடம் கண்ணுக்கு இருந்தும் காலம் இல்லாமற் போகிறது.

பனையும் தனிமரமும்

சமவெளியில் வரப்போரமும் ஏரிக்கரையிலும் நிற்கும் பனை, பல பறவைகளுக்கு அடித்தளமாக விளங்குகிறது. தலை இற்றுப்போன பனையின் பொந்தில் பனங்காடையும் பச்சைக்கிளியும் புள்ளி ஆந்தையும் மைனாவும் முட்டையிடுகின்றன. உயிருள்ள பனையின் காய்ந்து தொங்கும் ஓலைமடிப்பில், தன் எச்சிலால் இறகையும் பஞ்சையும் ஒட்டிப் பனை உழவாரன் கூடமைக்கிறது. எனவே பட்ட மரம் பயனற்றது என்று வெட்டி அகற்றுவதும், மட்டைகளை முற்றக் கழித்துவிடுவதும் மரத்தின் எண்ணிக்கையைக் குறைக்காமலே கூட்டிடங்களைக் குறைத்துவிடுகின்றன.

தூக்கணாங்குருவியின் தேர்வு இவ்வகையில் மிகுதியாக ஆராயப்பட்டது. சலீம் அலி 1930இல் மகாராட்டிரக் கடற்கரையின் கிஹிம் சிற்றூரில் இப்பறவையைக் கூர்ந்து நோக்கி, ஆண்குருவி கூட்டைப் பாதி முடித்து நிறுத்துவதையும், பெண்குருவி வந்து பார்த்து ஏற்றுக்கொண்ட பின்னரே அது முழுமை பெறுவதையும், ஓர் ஆண் அடுத்தடுத்துப் பல பெண்களோடு இணைவதையும் அடுத்த ஆண்டே வெளியிட்டார். பெண்குருவி ஏற்பதும் மறுப்பதும் பின்னலின் நேர்த்தியைக் காட்டிலும் கூட்டின் இருப்பிடத்தைப் பொறுத்தே அமைகின்றன என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. எதிரிகள் ஏற முடியாத உயரமும், நீரின் மேலோ கிணற்றின் மேலோ தொங்கும் நிலையும், முள்மரமும் இதனால் விரும்பப்படுகின்றன. தென்மேற்குக் காற்றுக்கு மறைவாக மரத்தின் கிழக்குப்புறத்தில் கூடுகள் மிகுதியாக அமைவதும் பல இடங்களில் பதிவாகியுள்ளது. நார் கிழிப்பதற்கு நெல், கரும்பு, பனை ஆகியவற்றின் இலை அருகிலேயே கிடைக்க வேண்டும் என்பதால், கழனியை ஒட்டிய பனையும் கிணற்றோர மரமும் சேர்ந்த இடமே இக்குருவிக்கு ஏற்ற வாழிடமாகிறது. அண்மைக் காலத்தில் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் மின்கம்பிகளிலும் இக்கூடுகள் கூட்டமாகத் தொங்குவதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். உரிய மரம் இல்லாத இடத்தில் பறவை மேற்கொள்ளும் மாற்றுவழியாகவும் இதனைக் கருத இடமுண்டு.

கரிச்சான் தனித்து நிற்கும் வேம்பு, கருவேலம் போன்ற மரங்களின் நுனிக்கவட்டில் கூடுகட்டுகிறது. காக்கையையும் பருந்தையும் அது விரட்டியடிப்பதால், அதன் அருகிலேயே புறாவும் மாங்குயிலும் கூடமைப்பதுண்டு. ஒரு தனிமரத்தை இழப்பது, அதனைச் சார்ந்த சிறு பறவைகளின் காவலையும் இழப்பதாகும்.

கிணறு, வரப்பு, ஏரி

அகன்ற திறந்தவெளிக் கிணறு திருவண்ணாமலைச் சமவெளிக்கு உரிய அடையாளங்களுள் ஒன்று. அதன் செங்குத்தான மண்சுவரில் வெண்மார்பு மீன்கொத்தி வளை குடைகிறது. கற்கட்டின் இடுக்கில் மைனாவும் கருப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டும் முட்டையிடுகின்றன. வெட்டியெடுத்த மண்ணும் கல்லும் குவிந்த கிணற்றுமேட்டில் படரும் புதரில் சில்லைகளும் கதிர்க்குருவிகளும் கூடுகட்டுகின்றன. உழவுக்கு உட்படாத இந்த மேடு, பரப்பளவில் சில சென்ட் மட்டுமே ஆனாலும், சுற்றியுள்ள பல ஏக்கருக்கும் கூட்டிடமாகப் பயன்படுகிறது. பச்சைப் பஞ்சுருட்டான் மாசி முதல் வைகாசி வரை ஓடைக்கரையிலும் மேட்டு வரப்பிலும் வளை தோண்டி முட்டையிடுவதால், வரப்பைச் செதுக்கி ஒல்லியாக்குவதும் சிமெண்ட் வாய்க்கால் அமைப்பதும் அதனை நேரடியாகப் பாதிக்கின்றன.

வடஆர்க்காட்டுக் கிணற்றுப் பாசனத்தின் வளர்ச்சி ஆய்வுலகம் நன்கு அறிந்த ஒன்று. கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 1973–74இல் இம்மாவட்டச் சிற்றூர்களில் நெல் சாகுபடியின் மாற்றத்தை ஆராய்ந்தனர். 1980களில் அதே ஊர்கள் மீண்டும் ஆராயப்பட்டு, பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் எழுதிய நூல் 1991இல் வெளிவந்தது. பசுமைப் புரட்சியின் பொருளாதார, சமூக விளைவுகளை ஆராய்ந்த இவ்வாய்வுகள் காட்டும் மாற்றங்களான உயர்விளைச்சல் நெல், மின்மோட்டார், கிணற்று நீரால் நீண்ட சாகுபடிக் காலம் ஆகிய ஒவ்வொன்றும் பறவைகளின் கூடுகாலத்தையும் தொட்டவையாகும். பின்னர் நிலத்தடி நீர் இறங்க, ஆழ்துளைக் கிணறு பரவ, பழைய கிணறுகள் பல தூர்க்கப்பட்டு வருகின்றன. தூர்க்கப்படும் ஒவ்வொரு கிணற்றோடும் அதன் சுவரும் மேடும் மறைகின்றன.

ஏரிகளின் நிலை வேறு. 1980களில் ஸ்வீடன் நாட்டின் உதவியுடன் நடைபெற்ற சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் ஏரி உள்வாய்களில் நாட்டுக்கருவேல மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. நீர் நிரம்பும்போது தீவுகளாக நிற்கும் இம்மரங்கள், மடையான், உண்ணிக்கொக்கு முதலியன கூட்டமாகக் கூடமைக்க ஏற்றவை. இப்பறவைகள் சுற்றுக்கழனிகளில் இரைதேடி ஏரிக்குத் திரும்புகின்றன. சீமைக்கருவேலம் வேறு மரம். ஏரியையும் மேய்ச்சல் நிலத்தையும் அடைத்துத் திறந்தவெளிப் பறவைகளை வெளியேற்றுவது. அதனை அகற்றுவது நன்றே எனினும், நாட்டுக்கருவேலத்தையும் சேர்த்து ஒரே பருவத்தில் மொட்டையடிப்பது கூட்டங்களைச் சிதறடிக்கும்.

பயிருக்குள்ளேயே கூடமைப்பவை சிலவே. நெல்லிலும் கரும்பிலும் கதிர்க்குருவிகளும், கரும்புத்தோட்டத்திலும் வாய்க்கால் புதரிலும் செம்போத்தும் கானாங்கோழியும் கூடுகட்டுகின்றன. உத்தரப்பிரதேசத்தில் சாரசக் கொக்கு நெல்வயலிலேயே முட்டையிடுவது, நீர் தேங்கும் வயல் சதுப்புநிலத்துக்கு மாற்றாக அமையும் என்பதற்குச் சான்று. ஆயினும் இயந்திர அறுவடையும் கரும்புத் தோகையை எரிப்பதும் பயிருக்குள் இருக்கும் கூட்டைப் பொறியாக மாற்றிவிடக் கூடியவை.

இரையும் கூட்டின் தொலைவும்

தானியம் தின்னும் தூக்கணாங்குருவியும் சிட்டுக்குருவியும்கூடத் தம் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் புழுக்களையுமே ஊட்டுகின்றன. பீகாரின் பூசாவில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் மேசனும் லெஃப்ராயும் பறவைகளின் இரைப்பைகளைச் சோதித்து 1912இல் வெளியிட்ட பேராய்வு, உழவனுக்குப் பறவைகள் செய்யும் நன்மையை எண்களால் காட்டிய முதன்மையான இந்திய நூலாகும். மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியின் ஆய்வாளர்களும் காவிரிப் படுகையில் பனங்காடை முதலிய பறவைகளை ஆராய்ந்து, அவற்றின் உணவில் பூச்சிகளே பெரும்பகுதி என்று கண்டனர்.

குஞ்சு வளர்க்கும் காலத்தில் பெற்றோர் நாள் முழுதும் திரும்பத் திரும்ப இரை சுமக்க வேண்டியிருப்பதால், கூட்டுக்கும் இரைக்களத்துக்கும் இடைப்பட்ட தொலைவு குறுகியதாக இருக்க வேண்டும். பனங்காடைக்குப் பட்ட பனை ஒன்றும், அமர்ந்து நோக்க மின்கம்பியோ கிளையோ ஒன்றும், வெட்டுக்கிளி கண்ணுக்குத் தெரியும் குட்டைப்புல் நிலமும் அருகருகே தேவை. இம்மூன்றில் ஒன்று இல்லாவிடினும் மற்ற இரண்டும் பயன்படா. தனித்தனி மரத்தையோ தனித்தனி வயலையோ பாதுகாப்பது போதாது, அவற்றின் அண்மையையும் பாதுகாக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது. நெல்வயலில் இடும் குருணை மருந்தை விதையென எண்ணிப் பறவைகள் விழுங்குவதும் அறியப்பட்ட ஆபத்தே. கார்போஃபியூரான் குருணையின் பயன்பாடு அமெரிக்காவில் 1990களின் முற்பகுதியில் கைவிடப்பட்டதற்குப் பறவைகளின் இறப்பே காரணம். பறவையை நேரடியாகக் கொல்லாத மருந்தும், குஞ்சு பொரிக்கும் வாரத்தில் பூச்சியை ஒழித்தால் கூட்டைப் பட்டினியால் அழிக்கும்.

ஐரோப்பாவின் பாடமும் இந்தியத் தரவும்

இங்கிலாந்தில் 1962 முதல் ஆண்டுதோறும் பறவைகள் எண்ணப்பட்டு வருகின்றன. 1970க்குப் பின் அங்கு விளைநிலப் பறவைகள் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டன. வசந்தத்தில் விதைத்த தானியப் பயிர் இலையுதிர்காலத்தில் விதைக்கப்படலாயிற்று; அதனால் கூடுகாலத்தில் பயிர் உயர்ந்து அடர்ந்து, வானம்பாடிக்குத் தரையிறங்க இடமில்லாமற் போயிற்று. ஹெக்டேருக்கு இரண்டு சிறு திட்டுகளை விதைக்காமல் விட்டபோது வானம்பாடிகள் மீண்டும் பயனடைந்தன. பென்டன், விக்கரி, வில்சன் ஆகிய மூவரும் 2003இல் எழுதிய கட்டுரை, விளைநில உயிர்வளம் நிலத்தின் பன்மையைச் சார்ந்தது என்றும், ஒருசீராக்கமே அழிவின் வேர் என்றும் வாதிட்டது. திருவண்ணாமலையின் சிறு உடைமைகளும் மூன்று பட்டங்களும் அந்தப் பன்மையை இயல்பாகவே காத்து வந்தன. ஐரோப்பா மானியம் தந்து மீட்க முயலும் ஒன்று இங்கு இன்னும் முற்றாக அழியவில்லை.

இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023இல் வெளியான அறிக்கை, ஏறத்தாழ முப்பதாயிரம் பறவை ஆர்வலர்களின் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் அறுபது விழுக்காடு குறைந்துள்ளன. திறந்தவெளிப் பறவைகள் மிகுதியாக இழப்புக்கு உள்ளாகியுள்ளன; எளிதில் காணக்கூடியது என்று நம்பப்பட்ட பனங்காடையே முப்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்து, உலகளாவிய ஆபத்துப் பட்டியலில் மறுமதிப்பீடு செய்யப் பரிந்துரைக்கப்பட்டது. மயிலோ பெருகியிருக்கிறது. எதனையும் உண்டு எங்கும் வாழவல்ல இனங்கள் பெருகுவதும், குறிப்பிட்ட வாழிடத்தை வேண்டும் இனங்கள் குறைவதும் நிலம் ஒருசீராவதன் அறிகுறியாகும். தமிழகத்தில் 2015 முதல் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு மதிப்புமிக்க தொடர்பதிவு. எனினும் அது தையில் நடப்பதால், கோடையிலும் ஆடியிலும் கூடமைக்கும் இனங்களின் இனப்பெருக்கத்தைப் பற்றிக் கூற இயலாது. கூடுகாலத்துக்கெனத் தனிக் கணக்கெடுப்பு வேண்டும்.

மலையும் நகரும்

எரிந்து மொட்டையாகக் கிடந்த அண்ணாமலையின் சரிவுகளில் 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வ அமைப்புகள் மரம் வளர்த்துவருவது பாராட்டத்தக்க பணி. காடு திரும்பிய சரிவில் காட்டுப்பறவைகளும் திரும்புகின்றன. ஆனால் மலையடிவாரத்துக்குப் பொருந்தும் இம்முறையைச் சமவெளியின் ஒவ்வொரு வெற்று நிலத்துக்கும் நீட்டிப்பது தவறாகும். அரசுப் பதிவேட்டில் தரிசு எனக் குறிக்கப்படும் மேய்ச்சல் புறம்போக்குத்தான் ஆள்காட்டிக்கும் வானம்பாடிக்கும் வீடு. அதில் தைலமரமும் சவுக்கும் நடுவது அவற்றை வெளியேற்றுவதற்கு ஒப்பாகும். கிரிவலப் பாதையையும் புறவழிச்சாலைகளையும் ஒட்டி விளைநிலம் வீட்டுமனைகளாகப் பிரிக்கப்படும்போது, புல் செதுக்கிய வெற்று மனைகள் சிலகாலம் ஆள்காட்டியை ஈர்க்கலாம்; கட்டடம் எழும்போது அதே இடம் சூழலியல் பொறியாகிவிடும்.

செய்யத்தக்கன

இவ்வட்டாரத்தின் விளைநிலப் பறவைகளைக் காக்கப் பெருந்தொகையோ புதிய சரணாலயமோ தேவையில்லை. பட்ட பனையையும் கிணற்றோர மரத்தையும் விட்டுவைத்தல், கிணற்றுமேட்டைச் சமப்படுத்தாதிருத்தல், வரப்பில் களைக்கொல்லி தெளிக்காதிருத்தல், கரம்பின் ஒரு மூலையை விதைப்பு வரை உழாமல் விடுதல், ஏரிக்கரை வேலைகளையும் சீமைக்கருவேல அகற்றலையும் கூடுகாலத்துக்கு வெளியே பகுதி பகுதியாகச் செய்தல் ஆகியன போதும். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்று 2021இல் தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அந்தக் காவல் பட்ட பனைக்கும் சேர வேண்டும். வாழவச்சனூரில் இயங்கும் வேளாண்மைக் கல்லூரியும் மாவட்டத்தின் கலைக்கல்லூரிகளும், சில ஊர்களையேனும் தெரிந்தெடுத்து, கூடுகளின் இடம், காலம், வெற்றி ஆகிய மூன்றையும் ஆண்டுதோறும் பதிவுசெய்தால், மேஃபீல்டு கணக்கைத் தமிழக மண்ணுக்கே பொருத்திப் பார்க்க முடியும்.

உழவு பறவைக்குப் பகையன்று. ஆள்காட்டியும் தூக்கணாங்குருவியும் பனங்காடையும் இன்றைய அளவில் இச்சமவெளியில் வாழ இடமளித்ததே உழவுதான். நிலத்தின் ஒவ்வொரு அங்குலத்தையும் ஆண்டின் ஒவ்வொரு நாளும் ஒரே பயனுக்கு உட்படுத்தும் போக்கே அவற்றுக்குப் பகை. வயலின் ஓரத்தைப் பறவைக்கு விட்டுக்கொடுக்கும் உழவருக்குப் பறவை திருப்பித் தருவது பூச்சி குறைந்த பயிர் என்பதால், அந்த விட்டுக்கொடுத்தலை உழவரின் கடமையாக மட்டும் விட்டுவிடாமல், வேளாண் துறையும் ஊராட்சியும் தம் திட்டங்களில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.